சின்னத்தைத் திருப்பிப் பார்த்தல்

பழைய இராணுவச் சின்னம் ஒன்று கைக்கு வந்ததும் நான் முதலில் அதைக் கவிழ்த்துப் பின்புறத்தைத்தான் பார்க்கிறேன். பல நாட்டுப் படைகளின் தொப்பிச் சின்னங்களையும் கழுத்துப்பட்டைச் சின்னங்களையும் பொத்தான்களையும் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகச் சேர்த்துவரும் எனக்கு இந்தப் பழக்கம் தொடக்கத்திலேயே இருந்ததில்லை. ஏமாந்தும் தவறு செய்தும் கற்றுக்கொண்டது. அந்தப் படைப்பிரிவு தன்னைப் பற்றி ஊரறியச் சொல்ல விரும்பியது முகப்பில் இருக்கிறது. அதைச் செய்தவனின் கைவேலையும், அணிந்தவன் அதை எத்தனை காலம் அணிந்தான் என்பதும் பின்புறத்தில் இருக்கின்றன. சேகரிப்பவனுக்கு வேண்டிய செய்திகளில் பெரும்பகுதி அங்கேதான் கிடைக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

இப்போது என் மேசையில் இருப்பது பிரிட்டிஷ் இராணுவத்தின் லெஸ்டர்ஷயர் படைப்பிரிவுத் தொப்பிச் சின்னம். நடுவில் பித்தளை நிறத்தில் ஒரு புலி, அதன் தலைக்கு மேலே வெள்ளை உலோகப் பட்டையில் ‘ஹிந்துஸ்தான்’ என்ற சொல், காலடியில் படைப்பிரிவின் பெயர். அப்போது 17ஆம் காலாட்படை என்று அழைக்கப்பட்ட இந்தப் பிரிவு 1804 முதல் 1823 வரை இந்தியாவில் பணியாற்றியது. அந்தப் பணிக்காக 1825இல் புலியைச் சின்னமாகக் கொள்ளும் உரிமை அதற்கு வழங்கப்பட்டது. இவை முகப்பு சொல்லும் செய்திகள். கவிழ்த்தால், புலியின் வயிறு உள்ளீடற்ற குழிவாகத் தெரிகிறது. மெல்லிய தகட்டை மேலும் கீழும் எஃகு அச்சுகளுக்கிடையே வைத்து அழுத்தியதால், முகப்பில் மேடாக இருப்பவை எல்லாம் பின்னால் பள்ளமாக இருக்கின்றன. விலாவின் கோடுகள்கூடப் பின்னால் மங்கலாகப் பதிந்திருக்கின்றன. நடுவே செங்குத்தாக ஒரு தட்டையான உலோகப் பட்டை பற்றவைக்கப்பட்டிருக்கிறது. சேகரிப்பாளர்கள் ‘ஸ்லைடர்’ என்று சொல்வது இதைத்தான். தொப்பியில் இருக்கும் பிளவுக்குள் இது செருகிக்கொள்ளும். பட்டையின் அடிப்பகுதி துணியோடு உராய்ந்து பளபளக்கிறது. பற்றாசு ஓடிய இடமோ பழுப்பேறி இருண்டு கிடக்கிறது.

முகப்பின் தேய்மானத்தையும் பின்புறத்தின் தேய்மானத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் இந்த ஈடுபாட்டின் உயிர்நாடி. நாள்தோறும் மெருகுப்பசை தடவித் துலக்கிய சிப்பாயின் கை, புலியின் தொடை, தோள், நெற்றி ஆகிய உயர்ந்த இடங்களில் மட்டும் கோடுகளை வழவழப்பாக்கியிருக்கும். காலிடுக்கும் எழுத்துகளின் இடுக்கும் கூர்மை குறையாமல் இருக்கும். பின்புறத்தை யாரும் துலக்குவதில்லை. ஆகவே முகம் தேய்ந்தும் முதுகு இருண்டும் இருப்பது இயல்பு. அமிலத்தில் தோய்த்தோ மணலில் புரட்டியோ பழமையை வரவழைக்கும் போலிகளில் இரண்டு பக்கமும் ஒரே அளவு மங்கியிருக்கும், பள்ளமும் மேடும் ஒன்றுபோல் தேய்ந்திருக்கும். நூறு நல்ல சின்னங்களைக் கையில் எடுத்துப் பார்த்தவருக்கு இது விரலிலேயே தெரிந்துவிடும். படத்தைப் பார்த்து மட்டும் வாங்குபவருக்குத் தெரியவே தெரியாது. விற்பவர் பின்புறத்தின் படத்தைக் காட்டாதபோது வாங்காமல் விடுவதே நல்லது.

தொடங்கிய ஆண்டில் எனக்கு இது தெரிந்திருக்கவில்லை. முதல் உலகப்போரில் கனடா தன் வெளிநாட்டுப் படைக்கென எண்ணிட்ட 260 காலாட்படைப் பட்டாலியன்களை எழுப்பியது. அவற்றில் பெரும்பாலானவை கடல் கடந்ததும் கலைக்கப்பட்டு, போர்முனையில் இருந்த பட்டாலியன்களுக்கு ஆள்பலமாகப் பகிர்ந்தளிக்கப்பட்டன. போர்க்களத்தையே காணாமல் ஒரு பட்டாலியன் மறைந்துவிட, அதன் மேப்பிள் இலைச் சின்னம் மட்டும் எஞ்சி நிற்பது என்னை ஆழமாகத் தொட்டது. அத்தகைய ஒன்றைப் பெரும் ஆசையோடு வாங்கினேன். வந்து சேர்ந்தது வார்ப்பு. உண்மையான சின்னத்திலிருந்து மண்ணிலோ ரப்பரிலோ அச்செடுத்து, உருக்கிய உலோகத்தை அதில் ஊற்றிச் செய்யப்பட்டது. இலை நரம்புகள் வெண்ணெய்போல் வழுக்கிக் கிடந்தன. உருப்பெருக்கியில் பார்த்தபோது பரப்பெங்கும் ஊசிமுனைத் துளைகள். விளிம்பில் அரம் தேய்த்த கோடுகள். பின்புறம் குழிவாக இல்லாமல் கெட்டியாக இருந்ததால் எடையும் மிகுதி. விற்றவருக்கு எழுதினேன், பதில் வரவில்லை. அந்த வார்ப்பை நான் எறியவில்லை. ஐயத்துக்குரிய எதையும் அதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது இன்றுவரை எனக்குள்ள உறுதியான சோதனை.

வார்ப்பைக் கண்டுபிடிப்பது எளிது. கடினமானது மறு அச்சு. படைப்பிரிவுகள் கலைக்கப்பட்ட பிறகும் அவற்றின் எஃகு அச்சுகள் தொழிற்கூடங்களில் தங்கிவிட்டன, கைமாறின, பிற்காலத்தில் சேகரிப்பாளர்களுக்காகவே அவற்றில் புதிதாகத் தகடு வைத்து அடித்தார்கள். அச்சு உண்மையானது என்பதால் முகப்பு பிழையின்றி இருக்கும். அங்கேயும் பின்புறம்தான் காப்பாற்றும். தகட்டின் பருமனும் உலோகத்தின் நிறமும் மாறியிருக்கும். ஸ்லைடர் காலத்துக்கு ஒவ்வாத அகலத்தில் இருக்கும். பழைய வேலையில் துளையிட்டு அகற்றியிருக்க வேண்டிய இடங்கள் தகட்டால் மூடியபடியே கிடக்கும். இவற்றைப் போலி என்று சொல்லி விற்றால் யாருக்கும் மனக்குறை இல்லை. நூறாண்டுப் பழமை என்று சொல்லி விற்பதுதான் கொடுமை.

காலத்தைக் கணிக்க முகப்பும் உதவுகிறது என்பதை மறுக்க முடியாது. பிரிட்டிஷ் சின்னங்களில் கிரீடத்தைப் பார்த்தாலே போதும் என்று சொல்லும் அளவுக்கு அது தெளிவான அடையாளம். விக்டோரியா காலத்துக் கிரீடம் அகன்றது, அதன் வளைவுகள் தாழ்ந்து விரிந்தவை. அவர் 1901இல் மறைந்தபின் வந்த மன்னர்களின் காலத்தில், வளைவுகள் குவிந்து மேலெழும் டியூடர் கிரீடம் பொறிக்கப்பட்டது. 1952இல் இரண்டாம் எலிசபெத் அரியணை ஏறிய பிறகு, நடுவில் வளைவு தாழும் புனித எட்வர்ட் கிரீடம் வந்தது. இப்போது மூன்றாம் சார்லஸ் மீண்டும் டியூடர் வடிவத்தைத் தேர்ந்துகொண்டதால், மன்னர் கிரீடம் இருந்தால் 1952க்கு முந்தியது என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்ன காலம் போய்விட்டது. போலந்தின் கழுகு இதைவிட உருக்கமான கதை. இரண்டாம் உலகப்போரில் சோவியத் ஆதரவில் அமைந்த போலந்துப் படையின் தொப்பிக் கழுகு தலையில் கிரீடம் இல்லாதது. மேற்கில் நேச நாடுகளோடு சேர்ந்து போரிட்ட போலந்து வீரர்களின் கழுகு கிரீடம் தரித்தது. கிரீடம் சட்டப்படி நாட்டின் கழுகுக்குத் திரும்பியது 1990இல்தான். ஒரே நாட்டின், ஒரே போரின் இரண்டு கழுகுகளை அருகருகே வைத்தால் அந்த நாட்டின் பிளவு முழுவதும் ஒரு சாண் இடத்துக்குள் தெரிகிறது.

உலோகமும் காலம் சொல்லும். முதல் உலகப்போரின் நடுவில், 1916இல், உலோகத்தையும் வேலையையும் மிச்சப்படுத்துவதற்காக, இரண்டு உலோகங்களில் செய்துவந்த பல சின்னங்களை முழுப் பித்தளையில் அடித்தார்கள். அடுத்த போரில் உலோகம் இன்னும் அரிதாகவே, சின்னங்களைப் பழுப்பு, சாம்பல் நிறப் பிளாஸ்டிக்கில் வார்த்தார்கள். மலிவாகச் செய்யப்பட்டதால் யாரும் பேணவில்லை. எனவே முழுதாகக் கிடைப்பது இன்று அரிது. 1950களில் துலக்கத் தேவையற்ற, நிறமேற்றிய அலுமினியச் சின்னங்கள் பரவின. அவற்றின் மீது எனக்கு ஈர்ப்பில்லை. எவருடைய கையும் அவற்றில் பதிவதில்லை.

பொருத்தும் முறை நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. சோவியத் சின்னங்களின் முதுகில் திருகாணியும் வட்ட நட்டும் இருக்கும். சட்டையில் துளையிட்டுத்தான் அணிய வேண்டும். சிறப்பாகப் போரிட்ட பிரிவுகளுக்காக 1942இல் தொடங்கிய ‘காவலர்’ சின்னத்தின் சிவப்புக் கொடி எனாமலில், திருகாணியை அளவுக்கு மீறி இறுக்கியதால் வந்த மயிரிழை விரிசல்களை அடிக்கடி பார்க்கலாம். அமெரிக்கச் சின்னங்களில் பழைய ஊசியும் கொக்கியும் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் விலகி, அழுத்திப் பிடிக்கும் சிறு மூடிகள் வந்தன. பிரெஞ்சுச் சின்னங்கள் எனாமல் வேலையில் மற்றெல்லாவற்றையும் மிஞ்சியவை. பாரிஸின் த்ராகோ போன்ற நிறுவனங்கள் தங்கள் பெயரோடு தெரு முகவரியையும் பின்னால் பொறித்தன. நிறுவனம் இடம் மாறியபோது முகவரியும் மாறியது, அதைக்கொண்டு காலத்தை நெருங்கிக் கணிக்கலாம். அதே முதுகில் ‘ஜி’ என்ற எழுத்தோடு ஓர் எண் இருந்தால், அந்த வடிவம் இராணுவத்தால் முறைப்படி ஏற்கப்பட்டுப் பதிவானது என்று பொருள்.

இத்தனை சொன்னாலும் முகப்பின் கதைகளை நான் குறைத்து மதிப்பதில்லை. எந்த நிகழ்ச்சியைச் சொல்கின்றன என்று தெரிந்துகொண்டால்தான் அவற்றுக்குச் சுவை. கிளஸ்டர்ஷயர் படைப்பிரிவினர் தொப்பியின் முன்புறத்தில் ஒரு சின்னமும் பின்புறத்தில் இன்னொரு சிறு சின்னமும் அணிந்தார்கள். 1801 மார்ச் 21ஆம் நாள் அலெக்சாந்திரியாவுக்கு அருகில் பிரெஞ்சுக் குதிரைப்படை பின்னாலிருந்தும் தாக்கியபோது, 28ஆம் காலாட்படையின் பின்வரிசை அப்படியே திரும்பி நின்று, முதுகோடு முதுகாகப் போரிட்டது. அதன் நினைவாக வந்தது, எகிப்தின் மனிதத் தலைச் சிங்கமான ஸ்ஃபிங்ஸ் பொறித்த அந்தச் சிறிய பின்சின்னம். 17ஆம் லான்சர் குதிரைப்படையின் மண்டையோடு, 1759இல் கியூபெக்கில் மாண்ட தளபதி வுல்ஃபின் நினைவு. மண்டையோட்டின் கீழே ‘அல்லது புகழ்’ என்று மட்டும் எழுதியிருக்கும், ‘மரணம்’ என்ற முதற்சொல்லை மண்டையோடே சொல்லிவிடுகிறது.

எனக்கு மிக நெருக்கமானது அசாயே யானை. 1803 செப்டம்பர் 23 அன்று, இன்றைய மகாராஷ்டிரத்தில் உள்ள அசாயேயில், பின்னாளில் வெல்லிங்டன் கோமகன் ஆன ஆர்தர் வெல்லஸ்லி, தன் படையைவிடப் பன்மடங்கு பெரிய மராத்தியப் படையை எதிர்த்து நின்றார். அன்று அவரிடம் ஸ்காட்லாந்தின் 74ஆம், 78ஆம் காலாட்படைகளும் ஒரு பிரிட்டிஷ் குதிரைப்படையும் இருந்தன. எண்ணிக்கையில் அவர்களைவிட மிகுதியாக மதராஸ் படையின் சிப்பாய்கள் இருந்தார்கள். போருக்குப்பின் யானை உருவம் அந்த ஸ்காட்லாந்துப் படைகளுக்கும் மதராஸ் சிப்பாய்களுக்கும் சிறப்பாக வழங்கப்பட்டது. 74ஆம் காலாட்படை பிற்காலத்தில் ஹைலேண்ட் இலகு காலாட்படையோடு இணைந்தது. அதன் தொப்பிச் சின்னத்தில் முட்செடி விருதின் நட்சத்திரம், ஊதுகொம்பு, கிரீடம் ஆகியவற்றோடு, அடியில் ‘அசாயே’ என்ற பட்டையும் யானையும் இருக்கின்றன. இந்திய இராணுவத்தின் மெட்ராஸ் ரெஜிமென்ட் இன்றும் குறுக்கு வாள்களோடு கூடிய கேடயத்தின் மேல் அதே யானையை அணிகிறது. ஒரே பகலில் ஒரே களத்தில் நின்ற இருவரின் யானைகளையும் நான் ஒரே தட்டில் வைத்திருக்கிறேன். ஸ்காட்லாந்து யானை அடர்ந்த வேலைப்பாடுகளுக்கு இடையே ஒதுங்கி, கட்டைவிரல் நகத்தளவே இருக்கிறது. மெட்ராஸ் யானையோ சின்னத்தின் நடுவில் நிமிர்ந்து நிற்கிறது. அந்தப் போரில் மாண்ட சிப்பாய்களின் பெயர்கள் நமக்கு எந்த அளவு மறந்துபோயின என்பதை நினைக்கும்போது, இந்தச் சிறிய பித்தளை யானை எனக்குக் கல்வெட்டைப்போல் தோன்றுகிறது.

பேணுவதைப் பற்றி ஒரு வேண்டுகோள் வைக்க வேண்டும்: துலக்காதீர்கள். மெஷின் கன் படையின் சின்னம் ஒன்று, இரண்டு விக்கர்ஸ் துப்பாக்கிகள் குறுக்காகப் பொருந்தியது, என்னிடம் வந்தபோது தேன்நிறம் படிந்திருந்தது. 1915இல் தொடங்கி 1922இல் கலைக்கப்பட்ட படை அது. ஏழே ஆண்டு வாழ்வு. அதைப் ‘புதுப்பிக்க’ நினைத்து உலோக மெருகுப்பசையால் அரைமணி நேரம் தேய்த்தேன். நூறாண்டுகளாக மெல்ல மெல்லப் படிந்த நிறம் துணியில் கறுப்பாக வந்துவிட்டது. பளபளப்பு மிஞ்சியது, அதன் வயது போய்விட்டது. அதைத் திருப்பிக் கொண்டுவர வழியில்லை. பச்சைக் களிம்பு மட்டும் வேறு. அது உலோகத்தைத் தின்னும். அதைக் கூரிய மரக்குச்சியாலும் சிறிது எண்ணெயாலும் பொறுமையாக எடுக்க வேண்டும். மலிவான பிளாஸ்டிக் உறைகளும் ஓக் மரப் பெட்டிகளும் வெளிவிடும் ஆவி செம்பு கலந்த உலோகங்களைக் கெடுக்கும். அமிலமற்ற தாள், ஈரமுறிஞ்சும் சிலிக்கா ஜெல், நிழலான இடம், இவை போதும்.

சேகரிப்பவருக்குச் சட்டப் பொறுப்பும் உண்டு, அதற்கு அப்பாற்பட்ட பொறுப்பும் உண்டு. ஜெர்மனியின் குற்றவியல் சட்டம் நாஜிச் சின்னங்களைப் பொதுவெளியில் காட்டுவதைத் தடைசெய்து, வரலாற்று ஆய்வு, கல்வி போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு அளிக்கிறது. அமெரிக்காவில் மிக உயர்ந்த வீர விருதான மெடல் ஆஃப் ஆனரை வாங்குவதும் விற்பதும் குற்றம். ரஷ்யாவில் சோவியத் அரசு விருதுகளின் விற்பனையும் அப்படியே. பிரான்சில் உரிய அனுமதியின்றி உலோகங்காணும் கருவியோடு பழைய போர்க்களங்களைக் கிளறக் கூடாது. வெடிக்காத குண்டுகள் இன்னும் அந்த மண்ணுக்குள் இருக்கின்றன, பெயர் தெரியாத உடல்களும் இருக்கின்றன. மண்ணிலிருந்து வந்தது என்று தெரிந்தால் நான் வாங்குவதில்லை. 1917இல் அமைக்கப்பட்ட பிரிட்டிஷ் பேரரசின் போர்க்கல்லறை ஆணையம் நாட்டிய கற்களில், பதவி வேறுபாடு பாராமல் எல்லோருக்கும் ஒரே அளவில், பெயருக்கு மேலே படைப்பிரிவின் சின்னத்தைச் செதுக்கியிருக்கிறார்கள். உடல் அடையாளம் காணப்படாதபோது, அருகில் கிடைத்த ஒரு தொப்பிச் சின்னமோ, தோள்பட்டையில் அணியும் உலோக எழுத்தோதான் எந்தப் படைப்பிரிவைச் சேர்ந்தவன் என்பதையாவது அந்தக் கல்லில் எழுத வைத்தது. அப்படிச் சாட்சி சொல்ல வேண்டிய பொருளை மண்ணிலிருந்து பெயர்த்தெடுப்பது ஒரு மனிதனின் கடைசி அடையாளத்தைப் பறிப்பதாகும்.

இத்தனைக்கும் நடுவே நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பது அழகில் குறைந்த ஒன்றை: பிரிட்டன் 1916 செப்டம்பரில் ஏற்படுத்திய வெள்ளிப் போர்ச் சின்னம். 1914 ஆகஸ்டில் அட்மிரல் சார்லஸ் பென்ரோஸ் ஃபிட்ஸ்ஜெரால்டு தொடங்கிவைத்த இயக்கத்தால், சீருடை அணியாத இளைஞர்களுக்குப் பெண்கள் கோழைத்தனத்தின் அடையாளமாக வெள்ளை இறகு கொடுத்து வந்தார்கள். காயம்பட்டோ நோயுற்றோ படையிலிருந்து விடுவிக்கப்பட்டுச் சாதாரண உடையில் நடந்தவர்களுக்கும் அந்த இறகு கிடைத்தது. அவர்கள் மார்பின் வலப்புறம் குத்திக்கொள்வதற்காகவே இந்தச் சின்னம். வட்ட விளிம்பில் ‘மன்னருக்காகவும் பேரரசுக்காகவும், பணி ஆற்றப்பட்டது’ என்ற வாசகம், நடுவில் மன்னரின் பெயரெழுத்துகள். பின்புறத்தில் ஒவ்வொன்றுக்கும் தனி எண். அந்த எண்ணைப் பதிவேட்டில் தேடினால் பெயர், படையெண், சேர்ந்த நாள், விடுவிக்கப்பட்ட நாள், காரணம் எல்லாம் ஒரே வரியில் கிடைக்கும்.

என்னிடம் உள்ள சின்னத்தின் ஊசி ஒரு காலத்தில் உடைந்திருக்கிறது. அதை அணிந்தவரோ அவர் வீட்டாரோ வேறு ஊசி வைத்துப் பற்றவைத்திருக்கிறார்கள். பற்றாசு வழிந்து கடைசி இலக்கத்தின் இடப்பாதியை மூடிவிட்டது. அது 3ஆக இருக்கலாம், 8ஆகவும் இருக்கலாம். இரண்டு எண்களையும் தேடினேன். இரண்டு மனிதர்கள் கிடைத்தார்கள். ஒருவர் காயத்தால் விடுவிக்கப்பட்டவர், மற்றவர் நோயால். பற்றாசைச் சுரண்டினால் தெரிந்துவிடும்; ஆனால் உடைந்த சின்னத்தைத் தூக்கி எறியாமல் திரும்ப அணிய விரும்பிய அந்தக் கையின் வேலையைச் சுரண்ட எனக்கு மனம் வரவில்லை. வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் ஜன்னலருகே உருப்பெருக்கியோடு உட்கார்ந்தால், பற்றாசின் ஓரத்தில் ஒரு வளைவு தொடங்குவதுபோல் ஒரு கணம் தெரியும். சின்னத்தைச் சிறிது திருப்பினால் மறைந்துவிடும். இரண்டு பெயர்களையும் தனித்தனித் துண்டுத்தாளில் எழுதி அதே பெட்டிக்குள் வைத்திருக்கிறேன்.